கேட்டதற்கெல்லாம் ‘இல்லை’ என்றார்

எழுபதுகள் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காரைக்குடியில் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்தேன். அங்கிருந்து பள்ளத்தூர் செல்லும் சாலையில், சற்றே உள்ளடங்கிய ஒரு சிற்றூர். வைகாசித் திருவிழாவை ஒட்டி அங்கே நடந்த பட்டிமன்றத்தில் பேசப் போயிருந்தேன். அந்த மாலையை நான் மறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இங்கே எழுத நினைப்பது அதைப் பற்றி அன்று. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து அதே ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பகற்பொழுதைப் பற்றி.

என் பேச்சைப் பற்றி ஓரிரு சொற்கள் சொல்லியாக வேண்டும். ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து குரலெடுக்கப் பயின்றவன் நான். வினாவைத் தொடுத்து அவையையே விடை சொல்ல வைப்பது எனக்குக் கைவந்த முறை. “இதற்காகவா நாம் படித்தோம்?” என்று கேட்டு ஒரு மூச்சு நிறுத்துவேன். “இல்லை!” என்று கொட்டகையே முழங்கும். கல்லூரிகளுக்கிடையே நான் வென்று வந்த கோப்பைகள் பெரும்பாலும் அந்த ஒரு மூச்சு நிறுத்தத்தில் கிடைத்தவைதாம்.

அன்றும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பெண்கள் அமர்ந்திருந்த பகுதிக்குப் பின்னால், குழல்விளக்குக்குப் போன கம்பியில் பொறி பறந்து கொட்டகைக் கீற்றில் பற்றியது. கோடையில் காய்ந்த கீற்று, காற்றும் இருந்தது. மக்கள் தாங்கள் உள்ளே வந்த வாசலை நோக்கியே ஓடினார்கள். தீயும் அங்கேதான் இருந்தது. மேடை உயரத்தில் நின்ற எனக்கு மட்டும், மறுபக்கத்துத் தட்டி சரிந்து வெளி திறந்திருப்பது தெரிந்தது. யாரோ மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஒலிபெருக்கி ஓய்ந்தது. மேடைத்தமிழ் எங்கே போயிற்றோ, தெரியாது. “இங்குட்டு வாங்க! அங்குட்டுப் போகாதீக! இங்குட்டு வாங்க!” என்று கத்தினேன். தொண்டையில் ரத்தம் கசியும் வரை கத்தினேன். கூட்டம் திரும்பியது.

பலருக்குத் தீக்காயம், சிலருக்கு மிதிபட்ட காயம். உயிர்ச்சேதம் இல்லை. “உசுருக்கு ஒண்ணும் ஆகலையில்ல, அது போதும்” என்று ஊரே சொன்னது. எனக்குத் துண்டு போர்த்தி வழியனுப்பினார்கள். அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. இப்போதும் மறுக்க மாட்டேன்.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வகுப்பில் கதவோரம் இடம் தேடினேன். பேருந்தில் இருக்கை காலியாக இருந்தாலும் படிக்கட்டருகிலேயே நின்றேன். ஓட்டலில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சீற்றம் கேட்டால் பாதித் தட்டில் எழுந்துவிடுவேன். ஒப்புக்கொண்ட மேடைகளைத் தொண்டைக்கட்டு என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். இறுதியாண்டுப் படிப்பின் அலுப்பு இது என்று எனக்கு நானே நிறுவிக்கொண்டேன். பட்டிமன்றத்தில் எந்தப் பக்கத்தையும் நிறுவப் பழகியவனுக்கு இது கடினமா?

இந்த நிலையில்தான் மதுரையிலிருந்து ஒரு மனநல மருத்துவர் எங்கள் கல்லூரிக்கு வந்தார். நடுத்தர வயது அம்மையார். அந்தத் தீயில் சிக்கி மீண்டவர்களிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்ட இந்த வட்டாரத்தவர் ஒருவர் வேண்டும் என்றார். யாரும் என் பெயரைச் சொல்லும் முன்பே நான் எழுந்து நின்றேன். சும்மா இருக்காமல் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு ஒருபுறம். அந்த ஊருக்கு மறுபடியும் என் குரல் தேவைப்படுகிறது என்ற பூரிப்பு மறுபுறம்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் முகாம். கேள்விகள் சைக்ளோஸ்டைல் செய்த ஒற்றைத் தாளில் இருந்தன. நினைக்க விரும்பாதபோதும் அந்த மாலை நினைவுக்கு வந்ததா? உறக்கம் கலைந்ததா? திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிட்டீர்களா? அதை நினைவூட்டும் இடத்தையோ பொருளையோ தவிர்த்தீர்களா? இப்படிப் போகும். ஒவ்வொன்றுக்கும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எந்நேரமும் என்று நான்கு கட்டங்கள். கடந்த ஒரு வாரத்தை மட்டும் எண்ணிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ‘இல்லை’ என்றால் சுழியம். மேலே போகப் போக மதிப்பெண் கூடும். கூட்டுத்தொகை மிகுந்தவர்களோடு மருத்துவர் தனியே நெடுநேரம் பேசி, தேவையானால் மதுரைக்கு வரச் சொல்லிச் சீட்டுக் கொடுப்பார். தொகை குறைந்தால் சீட்டு இல்லை.

“இந்த நோவுக்கு இன்னும் சரியான பேர்கூட இல்லை தம்பி. சண்டையிலேருந்து திரும்பின சிப்பாய்களைப் பத்தித்தான் அங்கங்கே எழுதியிருக்காங்க,” என்றார் மருத்துவர். “காய்ச்சல்னா தெர்மாமீட்டர் வைக்கலாம். இதுக்கு அவங்க சொல்லுறதுதான் தெர்மாமீட்டர். அதனால நீங்க கண்ணால பார்த்ததை எழுதாதீங்க. அவங்க வாயால சொன்னதை மட்டும் எழுதுங்க.”

செவிலியர் ஒருவர் கீழத்தெருவுக்குப் போனார். நான் மேலத்தெருவுக்குப் போனேன்.

போன இடமெல்லாம் உபசாரம். “வாங்க தம்பி! இன்னைக்கு எந்த அணி?” என்று கேட்டார் ஒரு விவசாயி. கேள்விகளைப் படித்தேன். எந்த ஒலிக்கும் பிழை நேராமல், வாசலில் நேராக நின்று, தெருவுக்கே கேட்கும்படி படித்தேன். “உறக்கம்... கலைந்ததா?” அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். “இல்ல தம்பி. பட்டிமன்றத்துல தூங்குனதோட சரி, மிச்சத் தூக்கத்த வீட்டுலதான் தூங்குறேன்.” அடுத்த கேள்விக்கும் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. தாளை மடிக்கும்போது அவர் தோளைத் தட்டினார். “நீங்க கேக்குற தோரணைக்கு ஆமான்னு சொன்னா நான் தோத்துப்போனதா ஆயிரும் போலருக்கே!” அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மேலத்தெருவின் கோடியில் ஒரு தச்சர் வீடு. வீட்டை ஒட்டிய கூரைக்கடியில் அவர் பலகையில் இழைப்புளி தள்ளி இழைத்துக்கொண்டிருந்தார். முப்பதை எட்டாதவர். அவருடைய மனைவி பக்கத்தில் குந்தியிருந்தார். அந்தப் பெண் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டேன். இழைப்புளியிலிருந்து மரச்சீவல் சுருண்டு விழுந்ததும் அதைப் பொறுக்கி ஈரச்சாக்கில் திணித்தார். தரையைத் துடைத்தார். அடுத்த சுருள் விழும் வரை காத்திருந்தார். விழுந்ததும் மறுபடி பொறுக்கினார்.

தச்சர் என்னைத் தெருப்பக்கம் கூட்டிப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். “அன்னையிலேருந்து இப்படித்தான் தம்பி. அடுப்புப் பத்த வைக்கிறதில்ல. பக்கத்து வீட்டுச் சோறுதான். அடுப்பெரிக்கச் சீவல் கேட்டு வாரவுகளுக்கும் குடுக்க மாட்டேங்குறா. சாக்கச் சொமந்துக்கிட்டுப் போயிக் கண்மாயில கொட்டிட்டு வாரா. காயமெல்லாம் ஆறிப்போச்சு. டாக்டரம்மா ஏதாச்சும் செய்வாகளா?”

“நிச்சயம் செய்வார்கள். அதற்குத்தானே வந்திருக்கிறேன்,” என்றேன்.

அந்தப் பெண்ணின் முன் நின்று படித்தேன். முதல் கேள்வி முடியும் முன்பே “இல்ல” என்றார். இரண்டாவதற்கும் இல்ல. கையிலிருந்த சீவலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, கேள்வி காதில் விழுந்ததோ இல்லையோ, “இல்ல, இல்ல” என்றார். நினைவூட்டும் பொருளைத் தவிர்த்தீர்களா என்று கேட்டபோது ஈரச்சாக்கு அவர் காலடியில் கிடந்தது. அதற்கும் “இல்ல.” தச்சர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். சொன்னதை மட்டும் எழுது என்பது கட்டளை. எழுதினேன். கூட்டினால் சுழியம்.

பள்ளிக்கூடத்தில் மருத்துவர் தாள்களை இரண்டு அடுக்காக வைத்திருந்தார். செவிலியர் கொண்டுவந்த கீழத்தெருத் தாள்களில் கட்டங்கள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. ஒருவருக்கு உறக்கம், இன்னொருவருக்குத் திடுக்கிடல், எதுவுமே இல்லாதவர் சிலர். என் மேலத்தெருத் தாள்களில் முதல் கட்டத்தில் மட்டும் குறிகள் வரிசையாக இறங்கின.

“மேலத்தெருக்காரங்க வேற தீயில மாட்டினாங்களோ?” என்றார் மருத்துவர்.

நான் விளக்கம் தரத் தொடங்கினேன். கூச்சம், குடும்ப மானம், பிறர் முன் தன் துயரை மறைக்கும் பண்பு என்று அடுக்கினேன். தச்சர் வீட்டில் கண்டதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஒரு கேள்வியை எனக்குப் படிங்க. அங்கே எப்படிப் படிச்சீங்களோ, அப்படியே,” என்றார்.

படித்தேன். “திடீர்ச் சத்தத்துக்குத்... திடுக்கிட்டீர்களா?”

“இல்லை!” என்றார் அவர், சட்டென்று, கையை உயர்த்தி. பிறகு அவரே சிரித்துவிட்டார். “பாருங்க, எனக்கே வருது!” செவிலியர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

காதுமடல் சுட்டது. மூச்சு நிறுத்தி, ஈற்றசையை உயர்த்தி, எதிரே இருப்பவர் ‘இல்லை’ என்று சொல்லியே தீரும்படி நான் கேட்டிருக்கிறேன். வேண்டுமென்று அன்று. எனக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

மேலத்தெருவின் மற்ற வீடுகளில் மறுபடி கேட்கச் செவிலியர் கிளம்பினார். தச்சர் வீட்டுக்கு நானே போகிறேன் என்று மன்றாடினேன். வெயில் தாழ்ந்ததும் மருத்துவர் வந்த கார் மதுரைக்குத் திரும்பிவிடும். அதற்குள் அந்தப் பெண்ணின் பதில் வராவிட்டால், சுழியம் போட்ட தாள்தான் அவரைப் பற்றிய உண்மை என்று ஆகிவிடும். புதிய தாளை நீட்டிய மருத்துவர், “பழசைக் கிழிச்சிடாதீங்க. அதுவும் ஒரு பதில்தான்,” என்றார். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

மிதிவண்டியை மிதித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் குரலைத் தாழ்த்திப் பயிற்சி செய்தேன். ஏற்றமின்றி, நிறுத்தமின்றி, கடையில் உப்பு விலை கேட்பது போல. சரியாக வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கூரைக்கடியில் தச்சர் தனியாக இருந்தார். “நீங்க போனதுலேருந்து கொல்லையில போயி உக்காந்துருக்கா. கூப்பிட்டா வரமாட்டேங்குறா,” என்றார். வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனோம். கிணற்றுச் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார் அவர். நான் தாளைப் பிரித்து, பயின்று வந்த தாழ்ந்த குரலில், “அக்கா, கடந்த ஒரு வாரத்தில்...” என்றேன்.

இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

தோரணை இல்லை, ஏற்றம் இல்லை. ஆனாலும் பொத்திக்கொண்டார். நான் வாயை மூடினேன். தச்சர், “என்ன புள்ள, தம்பிதானே? நம்மள வெளிய கொண்டாந்து விட்டதே அவுகதானே?” என்றார்.

“அதனாலதான் பொத்துறேன்,” என்றார் அந்தப் பெண். அன்று அவர் பேசி நான் கேட்ட முதல் சொற்றொடர் அதுதான். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார். “கண்ணு தெரியலை. பொகை. இங்குட்டு வாங்க, இங்குட்டு வாங்கன்னு உங்க சத்தந்தான் கேட்டுச்சு. அதப் புடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். வெளிய வந்து விழுந்தேன். அப்பவும் கத்துறீக. ஆசுபத்திரிக்கி வண்டியில ஏத்துறாக, அப்பவும் காதுல கேக்குது. இன்னைக்கு வரைக்கும் கேக்குது தம்பி. இங்குட்டு வாங்க, இங்குட்டு வாங்க. நானும் வந்துக்கிட்டே இருக்கேன். இன்னும் எங்குட்டு வர?”

நின்றுகொண்டிருந்த நான் உட்கார்ந்தேன்.  காலையில் என் குரலில் அவர் கேட்டது கேள்விகளை அன்று, தீயை. அந்தக் குரல் ஓய்ந்தால் போதும் என்றுதான் ‘இல்ல, இல்ல’ என்று என்னை வெளியே தள்ளியிருக்கிறார். சுழியம் போட்ட அந்தத் தாள் ஏன் ஒரு பதில் என்பது அப்போது புரிந்தது.

இந்த ஊர் எனக்குத் துண்டு போர்த்தியது இந்தக் குரலுக்காக. அதே குரல் ஒருவருக்குள் இரண்டு மாதமாகக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இதற்கு என்ன மறுப்புரை இருக்கிறது? தேடினேன். 

டாக்டரம்மாவை அழைத்து வருகிறேன், அவர் கேட்கட்டும் என்று எழப்போனேன். “வேணாம். நீங்களே சொல்லுங்க,” என்றார்.

“என்னக்கா சொல்ல?”

“வந்தாச்சுன்னு சொல்லுங்க.”

எத்தனையோ தலைப்புகளில் பேசியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்கு வந்த தடுமாற்றம் எதற்கும் வந்ததில்லை. “வந்துட்டீகக்கா. தீ அணைஞ்சிருச்சு,” என்றேன். குரல் உடைந்து வந்தது. எனக்கே அது யாருடைய குரலோ என்றிருந்தது. அவர் காதிலிருந்து கையை எடுத்தார்.  தச்சர் கிணற்றில் நீர் இறைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் அதில் பாதியைக் குடித்து, மீதியை என் பக்கம் நகர்த்தினார்.

“இப்ப கேளுங்க. மெதுவா.”

கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு காத்திருந்தேன். மேடையில் நான் அறிந்த நிறுத்தம் அன்று இது. எதிரே இருப்பவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாத நிறுத்தம். உறக்கத்துக்கு ‘அடிக்கடி’ என்றார். சத்தத்துக்கு ‘எந்நேரமும்’. பொருளைத் தவிர்ப்பதற்குச் சாக்குக் கிடந்த திசையைக் காட்டி, “அதப் பாத்துட்டும் கேக்குறீகளா?” என்றார். அந்த நாளில் அவர் முகத்தில் கண்ட ஒரே சிரிப்பு அது. உயிரோடு இருப்பதே வெறுத்துப்போனதா என்ற கேள்வி வந்தபோது என் நாக்கு தடுக்கியது. கணவரைப் பார்த்தார், யோசித்தார், “இல்ல” என்றார். காலையில் கேட்ட ‘இல்ல’க்கும் இதற்கும் இருந்த தொலைவை இன்றுவரை என்னால் அளக்க முடியவில்லை.

கார் கிளம்பும் முன் தாளை மருத்துவரிடம் சேர்த்தேன். அவரே தச்சர் வீட்டுக்கு நடந்து போய்ப் பேசிவிட்டு, சீட்டு எழுதிக் கொடுத்தார். தொகை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்த மருத்துவர் பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டார். நான் நடந்துகொண்டிருந்தேன், வாசலுக்கும் கொடிக்கம்பத்துக்குமாக. எவ்வளவு நேரமாக என்று எனக்கே தெரியாது. “நீங்களும் அன்னைக்கு உள்ளேதானே இருந்தீங்க?” என்றார்.

“நான் மேடையில் இருந்தேன்,” என்றேன்.

“மேடை கொட்டகைக்கு வெளியிலயா இருந்துச்சு?”

விடை சொல்ல வாய் திறந்தேன். எந்தப் பாதிப்பும் இல்லை என்று நிறுவுவதற்கான முதல் வாக்கியம் நாவில் ஆயத்தமாக இருந்தது. ஏற்றம், நிறுத்தம் எல்லாம் சரியாக அமைந்த வாக்கியம். அதைச் சொல்லவில்லை. அவர் நிரப்பாத ஒரு கேள்வித்தாளையும் பென்சிலையும் மேசைமேல் வைத்துவிட்டு அப்பால் போய்விட்டார். யாரும் படித்துக் காட்டவில்லை. யாரும் கேட்டுக்கொண்டும் இல்லை. முதல் கேள்வியை மனத்துக்குள் படித்தேன். வகுப்பின் கதவோரப் பெஞ்சும், பேருந்துப் படிக்கட்டும், பாதியில் விட்ட தோசையும் வரிசையாக வந்து நின்றன. பென்சில் ‘இல்லை’யின் மேல் சற்று நேரம் நின்றது. பிறகு நகர்ந்தது.

அந்த ஆண்டு முழுவதும் நானும் மதுரைக்குப் போய் வந்தேன். தச்சரை ஒருமுறை காரைக்குடிச் சந்தையில் கண்டேன். வீட்டில் அடுப்பு எரிகிறதாம். மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சமைக்கிறாராம். சீவலை மட்டும் இன்னும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

நான் மீண்டும் மேடை ஏறிவிட்டேன். அவையை ‘இல்லை’ என்று முழங்க வைக்க இப்போதும் எனக்குத் தெரியும்; அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் மேடையை விட்டு இறங்கி ஒரு மனிதரிடம் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்கும்போது, அதன் விடை எனக்குத் தெரியாது என்பதை ஒருமுறை எனக்கே சொல்லிக்கொண்டு, அவர் வாய் திறக்கும் வரை காத்திருக்கிறேன்.